பிறக்காத குட்டியின் மூச்சு

நாய்க்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் தேங்காய் பழத் தட்டோடு வரும் வழக்கம், கோயமுத்தூரில் நொய்யல் மடிநாய்ச் சங்கத்துக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத் தலைவர் நாச்சிமுத்து ஈஸ்வரமூர்த்தி வீட்டுப் படியேறியபோது, வலது கைத் தட்டில் வெற்றிலை, பழம், ஒரு முழம் மல்லிகை. இடது கையில் மாப்பிள்ளை. பெயர் மிராசு. இரண்டே கால் கிலோ. எட்டுக் கண்காட்சிகளில் கோப்பை வாங்கிய நாய். ஏறியது நான்கே படி. மூச்சு வாங்கியது இருவருக்கும்.

மடிநாய் என்பது பெயருக்கு ஏற்ற நாய். நூறு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாலை முதலாளிகள் ஆறு பேர் வீட்டுப் பெண்கள் மடியில் வைத்துக் கொஞ்சவென்றே உருவாக்கிய இனம். உள்ளங்கையில் அடங்கும் முகம், கட்டைவிரலால் அமுக்கிவிட்டாற்போல் ஒரு மூக்கு, கோலிக்குண்டுக் கண்கள். இப்போது உலகத்தில் மொத்தம் நாற்பத்தொன்று இருந்தன. நாற்பத்தொன்றும் கோயமுத்தூரைச் சுற்றியேதான்.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று ஜிமிக்கி. ஈஸ்வரமூர்த்தியின் மனைவி தேவகி விட்டுப்போன நாய். தேவகி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடையை நாற்பது வருஷம் நடத்தி மூடிவிட்டு வீட்டோடு இருந்தவருக்கு, நாய்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தேவகி பேசிக் காதில் விழுந்ததுதான். ஜிமிக்கிக்கு ஐந்து வயது. ஆடியில் வரும் பருவம்தான் கடைசி, அதற்கு மேல் குட்டி போடுவது அதன் உயிருக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈஸ்வரமூர்த்திக்கு வேண்டியது ஒரே ஒரு குட்டி. தேவகி கைப்பட வளர்த்த வரிசை இந்த வீட்டில் நின்றுவிடக் கூடாது. அறுபத்து நான்கு வயது ஆண்பிள்ளை இதைப் போய் வெளியில் சொல்வதா என்று கூச்சப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்.

நாச்சிமுத்து தேவகிக்குப் பெரியப்பா மகன். அந்த வகையில் ஈஸ்வரமூர்த்தி அவருக்கு மாப்பிள்ளை. உட்கார்ந்ததும் பொருத்தத்தைச் சொல்ல ஆரம்பித்தார். சங்கத்து நாய்களுக்கு ஆறு வீடுகள் உண்டு, அந்த ஆறு முதலாளிகளின் பெயரில். குட்டி எப்போதும் அப்பன் நாயின் வீட்டைச் சேரும். ஒரே வீட்டு நாய்கள் பங்காளிகள், சேர்க்கக் கூடாது. தாய் பிறந்த வீட்டிலிருந்து எடுத்தால் அது முறை. அதற்கு மேல் உத்தமம் இல்லை. தங்களுக்கு வைத்திருந்த வழக்கத்தையே நாய்களுக்கும் வைத்து, நூறு வருஷமாக ஒரு பிசகில்லாமல் ஏடு எழுதி வந்தார்கள். கடைசி இருபத்திரண்டு வருஷம் அந்த ஏட்டை எழுதியவள் தேவகி.

"மிராசு ஜிமிக்கிக்குச் சொந்த அத்தை மகனுங்க மாப்ளே. தேடினாலும் இப்படிப் பொருத்தம் அமையாது. ஆடியில கல்யாணம் பண்றதான்னு கேக்காதீங்க, ஆடி ஆவணியெல்லாம் நாயிக்குத் தெரியாது."

மிராசு சோபாவின் மூலையில் அதற்குள் தூங்கியிருந்தது. அதன் குறட்டையை ஈஸ்வரமூர்த்தி தலையைச் சாய்த்துக் கேட்டார். நாற்பது வருஷப் பழக்கம். ஓடுகிற எதன் சத்தத்தையும் அவர் அப்படித்தான் கேட்பார். பேரிங் தேய்ந்த மோட்டார் ஒன்று தண்ணீரை மேலே ஏற்ற முடியாமல் திணறுவதுபோல் இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் மச்சான் கோபித்துக்கொள்வார் என்று காப்பியைக் கொடுத்தார்.

சம்பந்தம் முடிந்த மாதிரிதான். ஆனால் அந்த வருஷம் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது.

சட்டம் எதையும் தடுக்கவில்லை. நாய் வளர்ப்போர் எந்த ஜோடியையும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்து உரிமையாளர்களும் பத்து நிமிஷம் ஒரு உடுப்பை அணிந்து, பிறகு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அந்த உடுப்புக்கு முன்மூச்சு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கால்நடை மையத்து டாக்டர் ஜெசிந்தா தூத்துக்குடிக்காரர். ஒல்லியான பெண், பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. மிராசுக்கும் ஜிமிக்கிக்கும் ஒவ்வொரு சொட்டு ரத்தம் எடுத்து இயந்திரத்தில் வைத்துவிட்டு, ஈஸ்வரமூர்த்திக்கு அதை விளக்கினார். இந்த ஜோடிக்குப் பிறக்கக்கூடிய குட்டிகளில் ஆயிரத்தை இயந்திரம் கணக்கிலேயே பெற்று, கணக்கிலேயே வளர்க்கும். அவற்றில் ரொம்ப மோசமானதையும் ரொம்ப நல்லதையும் விட்டுவிட்டு, நடுவில் நிற்கும் ஒரு குட்டியை எடுத்துக்கொள்ளும். நாலு வயதில் அந்தக் குட்டியின் நெஞ்சும் மூக்கும் எப்படி வேலை செய்யுமோ, அதை மனிதர் அளவுக்குப் பெரிதாக்கி உடுப்புக்குச் சொல்லும். உடுப்பு விலாவைப் பிடிக்கும், முகமூடி காற்றைக் குறைக்கும்.

"கஷ்டமா இருந்தா எப்ப வேணும்னாலும் கழத்திரலாம் சார். ஆபத்து ஒண்ணும் கிடையாது. என்ன, குட்டிக்குத்தான் அதைக் கழத்த முடியாது."

ஈஸ்வரமூர்த்தி போட்டுக்கொண்டார். முதல் நிமிஷம் வேடிக்கையாக இருந்தது. இரண்டாவதில் வாயால் மூச்சு இழுத்தார். மூன்றாவது நிமிஷத்தில் முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அது யார் உட்காரும் விதம் என்று அவருக்குத் தெரிந்தது.

தேவகி கடைசி நாலு மாதம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், முதுகுக்கு மூன்று தலையணை வைத்து. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கும்போதெல்லாம், படுத்தால்தான் தொந்தரவு, உட்கார்ந்தால் நான் ராணி என்பாள். பக்கத்திலேயே இருந்தும் அந்த மூச்சு எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது தெரிந்தது. இவ்வளவு காற்றை வைத்துக்கொண்டா அவள் பால்காரனைப் போல் நடித்துக் காட்டினாள், இவ்வளவு காற்றில் மிச்சம் பிடித்தா சிரித்தாள்? ஆச்சரியமாக இருந்தது. கழற்றலாம் என்று டாக்டர் இரண்டு தடவை சைகை காட்டினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பத்து நிமிஷமும் இருந்தார்.

முகமூடியை எடுத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் குட்டி வேண்டாமுங்க டாக்டர்," என்றார். அதைச் சொல்லும்போது தேவகியின் வரிசை நின்றுபோகிறது என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அடுத்து நாச்சிமுத்து. உடுப்பை மாட்டிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்து, பேப்பரை விரித்தார். மூன்றாவது நிமிஷத்தில் ஒரு பக்கம் திருப்பினார். ஆறாவது நிமிஷத்தில் முகமூடிக்குள்ளிருந்து டாக்டரிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். பத்து நிமிஷம் முடிந்து எழுந்தபோது அவருடைய முகத்தில் ஜெயித்த களை.

"புது பனியன் போட்டாப்பலதான் இருக்குது. இதுக்கா மாப்ளே நீங்க கண்ணுல தண்ணி விட்டீங்க?"

டாக்டர் ஜெசிந்தாவுக்கு இயந்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. கம்பிகளைச் சரிபார்த்தார். அளவுகள் சரியாக இருந்தன. தானே எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டாவது நிமிஷத்தில் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு, தண்ணீர் குடித்தார். பிறகு நாச்சிமுத்துவின் கால்களைப் பார்த்தார். சாக்ஸின் விளிம்பு கணுக்காலில் ஆழமாகப் பதிந்து, மேலே சதை வீங்கியிருந்தது.

"அண்ணாச்சி, தூங்கும்போது எத்தனை தலையணை வைப்பீங்க?"

"மூணு. எதுக்கு?"

"எத்தனை வருஷமா?"

"அதெல்லாம் யாரு எண்ணிக்கிட்டிருந்தா. ரெண்டு வெச்சா நெஞ்சு அடைக்கும்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். "இந்த உடுப்பு நம்ம மூச்சை அந்தக் குட்டியோட அளவுக்குக் குறைக்கும். உங்களுக்கு அது குறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு. ஏற்கனவே நீங்க அந்த அளவுலதான் இருக்கீங்க. நான் நாய் டாக்டர், இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. இன்னைக்கே ஒரு மனுஷ டாக்டரைப் பாத்துருங்க."

நாச்சிமுத்துவுக்கு வந்ததே கோபம். தன்னை நாயோடு சேர்த்துவிட்டதாகச் சத்தம் போட்டார். சத்தம் போட்டு முடிக்க மூச்சு போதவில்லை, பாதியில் நிறுத்தினார். ஈஸ்வரமூர்த்தி ஜிமிக்கியை டாக்டரிடம் ஒப்படைத்தார். மிராசை ஒரு கையிலும் மச்சானின் முழங்கையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்தார். டிரைவரிடம் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

இதயத்தில் ஒரு வால்வு பிறந்ததிலிருந்தே சரியாக மூடுவதில்லை என்றார்கள். இத்தனை வருஷம் ஓட்டியதே பெரிது என்றார்கள். நாச்சிமுத்துவின் அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். அதனாலா என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்று அந்த டாக்டர் நழுவிவிட்டார். மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது.

ஒரு வாரம் கழித்து ஈஸ்வரமூர்த்தி பார்க்கப் போனபோது, மச்சான் கட்டிலில் மட்ட மல்லாக்கப் படுத்திருந்தார். தலைக்கு ஒரே தலையணை. கண் திறந்துதான் இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு மூச்சை இழுப்பதும் விடுவதுமாக, புது வண்டியை ஓட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார்.

"மாப்ளே, மூச்சுன்னா இப்படியா இருக்கும்? அறுபத்தாறு வருசமா ஒருத்தனும் என்ற கிட்டச் சொல்லலையே."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிருப்பாங்கங்க மச்சான்."

நாச்சிமுத்து இன்னொரு மூச்சை முழுசாக இழுத்து விட்டார். பிறகு, "மிராசுக்கு யாரு சொல்லுவா?" என்றார்.

ஆபரேஷன் தழும்பு ஆறுவதற்குள் அவர் டாக்டர் ஜெசிந்தாவை வீட்டுக்கு வரவழைத்துவிட்டார். சங்கத்து நாய்கள் நாற்பத்தொன்றின் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார். முடிவைச் சொல்ல டாக்டர் வந்த அன்று ஈஸ்வரமூர்த்தியும் கூட இருந்தார். டாக்டருக்கு ஏட்டைக் காட்டினார்கள். ஆறு வீடு, பங்காளி, முறை என்று நாச்சிமுத்து எல்லாவற்றையும் பெருமையாகவே விளக்கினார். நூறு வருஷத்தில் ஒரு பங்காளிச் சேர்க்கை கூட இல்லை என்றார்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சமையல்கட்டிலிருந்து டம்ளர்களை எடுத்துவந்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"ஆறு டம்ளர்ல ஆறு வீட்டுத் தண்ணி. நூறு வருஷமா மாத்தி மாத்தி ஒண்ணுக்குள்ள ஒண்ணை ஊத்திட்டே இருந்திருக்கீங்க. இப்ப எல்லா டம்ளர்லயும் ஒரே தண்ணிதான். மேல ஒட்டின பேர் மட்டும்தான் ஆறு. ஏட்டுல மிராசும் ஜிமிக்கியும் அத்தை மகன், மாமன் மகள். ரத்தத்துல கூடப்பிறந்த அண்ணன் தங்கச்சியவிட நெருக்கம். நீங்க தப்பே பண்ணலை அண்ணாச்சி, ரொம்ப ஒழுங்கா இருந்திருக்கீங்க. அந்த ஒழுங்குதான் வினையாப் போச்சு."

நாற்பத்தொன்றுக்குள் எந்த ஜோடியைப் போட்டாலும் குட்டிக்கு மூச்சு இல்லை. வெளியிலிருந்து ஒரு நாய் வேண்டும். சின்ன நாயாக இருக்க வேண்டும், நீளமான மூக்கு வேண்டும், இவர்களுக்கு எந்த விதத்திலும் சொந்தமாக இருக்கக் கூடாது. முகம் மாறிப்போகும், கோப்பை கிடைக்காது, அதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

சங்கக் கூட்டம் கூடியது. செயலாளர் சண்முகவடிவு ஒன்பது மடிநாய்களுக்குச் சொந்தக்காரி. அவருக்கு முன் யாரும் எளிதில் வாயைத் திறக்க மாட்டார்கள். சங்கத்தைக் கலைத்துவிட்டுத் தெருநாய் பிடிக்கிற வண்டியில் வேலைக்குச் சேர்ந்துகொள்ளலாமே என்று தலைவரைக் கேட்டார். நாச்சிமுத்து சண்டைக்குப் போகவில்லை. டாக்டரிடம் கெஞ்சி உடுப்பைக் கூட்டத்துக்கே கொண்டுவந்திருந்தார். உள்ளே, சண்முகவடிவின் வீட்டு ஜோடி ஒன்றின் கணக்கைப் போட்டு வைத்திருந்தது.

"பத்து நிமிசம் பக்கத்து ரூம்புல இதைப் போட்டுட்டு வா அம்மணி. வந்து என்னை என்ன வேணும்னாலும் கேளு."

சண்முகவடிவு போனார். பத்து நிமிஷம் கூட்டம் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தது. திரும்பி வந்தவர் கூந்தலைச் சரிசெய்துகொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் இருந்த நாயின் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த வீட்டுக்கு நாம தட்டுல என்ன வெச்சு எடுத்துட்டுப் போறது?"

டாக்டர் கண்டுபிடித்துக் கொடுத்த மாப்பிள்ளை சிங்காநல்லூரில் ஒரு பேக்கரி வாசலில் இருந்தது. அடுக்குமாடி வீட்டில் யாரோ விட்டுவிட்டுப் போன சின்ன நாய் ஒன்றுக்கும் தெருவுக்கும் பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதன் குட்டி ஜிமிக்கியின் இடுப்புக்கு மிஞ்சாது. ஐந்து வயதாகியும் ஒரு நாள் சீக்கு என்று படுத்ததில்லை. பேக்கரிக்காரர் ஜோஸ் அதற்குத் தேங்காபன் என்று பெயர் வைத்திருந்தார், நிறத்துக்காகவும், அது தினமும் திருடியதற்காகவும். எட்டுப் பேர் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு கடைக்குள் நுழைந்தபோது, ஏதோ கோயில் வசூல் என்று நினைத்து அவர் கல்லாவைத் திறந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு தேங்காபன்னைக் குளிப்பாட்டிக் கூட்டிவர அரை மணி நேரம் அவகாசம் கேட்டார்.

இந்த ஜோடிக்கும் சட்டப்படி உடுப்பு உண்டு. ஜோஸ் போட்டுக்கொண்டு, கழுத்தில் கொஞ்சம் அரிப்பதாகச் சொன்னார். ஈஸ்வரமூர்த்தி நாலாவது நிமிஷத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். படிவத்தில் அணிந்தவரின் அனுபவம் என்ற இடத்தில் டாக்டர் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஒரு காலில் முழங்கால் சில்லு லேசாக நழுவ வாய்ப்பிருக்கிறது, எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

புரட்டாசிக் கடைசியில் ஜிமிக்கி மூன்று குட்டி போட்டது. ஆபரேஷன் இல்லாமல் மடிநாய் குட்டி போட்டுப் பார்த்தவர்கள் சங்கத்தில் யாரும் இல்லை. சண்முகவடிவு பிரசவத்துக்கென்று ஈஸ்வரமூர்த்தி வீட்டில் வந்து உட்கார்ந்து, கடைசிவரை வேலை ஒன்றும் இல்லாததால், அவர் சமையல்கட்டை அலசி வைத்துவிட்டுப் போனார். குட்டிகளுக்கு மூக்கு இருந்தது. பார்க்க வந்தவர்கள் அதைக் குறை சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல், காது அழகாக இருக்கிறது என்றார்கள்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் நாச்சிமுத்து ஏட்டை எடுத்துக்கொண்டு வந்தார். படிகளை ஒரே மூச்சில் ஏறினார், ஏறிவிட்டுத் திரும்பி அவற்றைப் பெருமையாக ஒரு முறை பார்த்தார். குட்டிகளுக்கு நாற்பது நாள் ஆகிவிட்டது, ஏட்டில் ஏற்ற வேண்டும். எந்த வீடு என்று எழுதுவது என்பதுதான் சிக்கல். அப்பன் வீட்டைத்தான் எழுத வேண்டும். அப்பனுக்கோ பேக்கரிதான் வீடு. அதைப் பற்றிப் பேசிக்கொண்டே, தேங்காபன் நிறத்துக் குட்டியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஈஸ்வரமூர்த்தி காப்பி போட உள்ளே போனார்.

பால் பொங்குவதற்குள் மச்சானின் குரல் கேட்டது. கத்தவில்லை, அடிக்குரலில் கூப்பிட்டார்.

"மாப்ளே, வெரசா வாங்க. குட்டிக்கு மூச்சு நின்னு போச்சு."

ஈஸ்வரமூர்த்தி ஓடிவந்தார். குட்டி மச்சானின் மடியில் பக்கவாட்டில் கிடந்தது. நாலு காலும் தளர்ந்திருந்தன. சத்தமே இல்லை. அந்த வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக எந்த நாயும் சத்தமில்லாமல் தூங்கியதில்லை; குட்டிகளும் அதுவரை ஜிமிக்கியை ஒட்டி, அதன் குறட்டைக்குள்ளேயே தூங்கின. தூங்கும் மடிநாயிடமிருந்து பூனை முனகுவதுபோல் இனிய ஒலி எழ வேண்டும் என்று சங்கத்து இலக்கணப் புத்தகத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்த ஒலி கேட்டால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அது நின்றால் ஒரே அர்த்தம்தான், இருவரும் அதைப் பல தடவை பார்த்தவர்கள். நாச்சிமுத்து குட்டியின் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார், அது விழுந்தது. நம்ம கையில மட்டும் எதுவும் தங்காதா மாப்ளே என்றார்.

ஈஸ்வரமூர்த்தி தரையில் மண்டியிட்டார். மூடியிருக்கும் மோட்டாரின் மேல் காதை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிற மாதிரி, குட்டியின் விலாவில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நாச்சிமுத்து அவருடைய முகத்தையே பார்த்தார்.

உள்ளே சின்னதாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தடை இல்லை, உரசல் இல்லை. காற்று தன் பாட்டுக்குப் போய் வந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஓடும் ஒன்றை அவர் கையில் யாரும் கொண்டுவந்து கொடுத்ததில்லை; நன்றாக ஓடுவதை எதற்குக் கடைக்குக் கொண்டுவரப் போகிறார்கள்? காதை எடுக்க மனம் வரவில்லை. தேவகி, இதைக் கேளேன் என்று சொல்ல வாய் வந்தது. இடையில் குட்டி ஒரு காலை உதைத்து அவர் கன்னத்தில் வைத்துக்கொண்டது.

"என்னங்க மாப்ளே?"

"தூங்குதுங்க மச்சான்."

"சத்தமே இல்லையே."

"இல்லைங்க. இதுக்குப் பேருதான் தூக்கம்போல இருக்குது."

நாச்சிமுத்து நெடுநேரம் அசையவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயும் வாசனை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை மெல்ல எடுத்து, பக்கத்தில் இருந்த ஏட்டை ஒரு விரலால் திறந்து, எந்த வீடென்று எழுதட்டும் என்று கிசுகிசுத்தார்.

"அது எந்திரிக்கட்டுங்க மச்சான்," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "அப்பறம் எழுதிக்கலாம்."